உங்களுக்குத் தெரியுமா? அழியாத ரசாயனங்கள்

● தோசை ஒட்டாத தவாவின் கதை ஒரு சிலிண்டரில் தொடங்கியது. 1938 ஏப்ரலில் அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட், குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு சிலிண்டரின் வால்வைத் திறந்தால் வாயு வரவில்லை. எடை போட்டால் குறையவும் இல்லை. அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே மெழுகு போல வழவழவென்று வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்லான்.

● டெஃப்லானைத் தயாரிக்கப் பல ஆண்டுகள் பயன்பட்ட துணை ரசாயனம் பிஎஃப்ஓஏ. 'சி8' என்றும் சொல்வார்கள். பிஎஃப்ஏஎஸ் என்ற பெரிய குடும்பத்தில் ஒன்று. அதில் கார்பனும் ஃபுளோரினும் பிடித்திருக்கும் பிடி அத்தனை இறுக்கம். வெயிலோ மழையோ நுண்ணுயிரோ பிரிப்பது அரிது. நம் ரத்தத்தில் பிஎஃப்ஓஏ கலந்துவிட்டால் பாதி வெளியேறவே 2 முதல் 4 ஆண்டுகள் ஆகலாம்.

● அமெரிக்காவின் ஓஹியோ ஆற்றோரம் உள்ள பார்க்கர்ஸ்பர்க் வட்டாரத்தில் குடிநீரிலேயே சி8 கலந்திருந்தது. மக்கள் வழக்குப் போட்டார்கள். சமரசத்தில் கிடைத்த பணத்தில் 7 கோடி டாலரை ஒரு பெரிய உடல்நல ஆய்வுக்கே ஒதுக்கினார்கள். 2005-06இல் சுமார் 69,000 பேர் வரிசையில் நின்று கையை நீட்டி ரத்தம் கொடுத்தார்கள். அந்தத் தகவல்களையும் வேறு ஆய்வுகளையும் அலசிய அறிவியல் குழு, 2011-12இல் சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு கோளாறு, பெருங்குடல் புண் அழற்சி, அதிகக் கொழுப்பு, கர்ப்பகால ரத்த அழுத்தம் ஆகிய ஆறுக்கும் சி8க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அறிவித்தது. தங்கள் ரத்தத்தையே சாட்சியாக்கிய அந்த ஊர் மக்களுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது.

● பிஎஃப்ஓஏ மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.

● தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அதில் கலந்த பிஎஃப்ஓஏ போய்விடுமா? போகாது. நீர் ஆவியாகும், ரசாயனம் பாத்திரத்திலேயே தங்கும், முன்னைவிடச் செறிவாக. ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டி ஓரளவு பிடித்துவைக்கும், கரியை நேரத்துக்கு மாற்றினால்தான்.

● சிலவகைத் தீயணைப்பு நுரைகளிலும் பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 285 தீயணைப்பு வீரர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 6 வாரத்துக்கு ஒரு முறை, ஓராண்டு பிளாஸ்மா தானம் செய்தவர்களின் ரத்தத்தில், அதே குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஎஸ் அளவு சுமார் 30 சதவீதம் இறங்கியது. ரத்ததானம் செய்தவர்களுக்கும் குறைந்தது, ஆனால் சுமார் 10 சதவீதம்தான்.

● தண்ணீர் வடிகட்டியில் சிக்கிய ரசாயனத்தை என்ன செய்வது? எரித்துத் தீர்க்க மிக அதிக வெப்பம் வேண்டும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிக்டெல் குழு 2022இல் எளிய வழி ஒன்றைக் காட்டியது: டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானோடு காஸ்டிக் சோடா சேர்த்து, 80 முதல் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும், பிஎஃப்ஓஏ உடைந்துபோகிறது. அதன் பங்காளியான பிஎஃப்ஓஎஸ் மட்டும் இந்த முறைக்கு மசியவில்லை.