வேகமும் புகையும்
ஆர்எக்ஸ் 100-ஐ வளர்த்ததும் வீழ்த்தியதும் அதே எஞ்சின்தான்

1980-களின் தொடக்கம் வரை இந்தியச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் என்றாலே புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் ஆகிய மூன்றுதான். பிறகு 100 சிசி எஞ்சின்களோடு ஜப்பானியர் வந்தார்கள். 1984-ல் இண்ட்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா. ஹீரோ ஹோண்டா மைலேஜை விற்றது. அதே ஆண்டின் இறுதியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் கைகோத்து வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 விற்றது வேகத்தை.

எஸ்கார்ட்ஸுக்கு இது இரண்டாவது முயற்சி. 1983-ல் யமஹாவின் ஆர்டி 350-ஐ ராஜ்தூத் 350 என்ற பெயரில் இறக்கிப் பார்த்தது. பெட்ரோல் செலவைக் கேட்டே பலர் பின்வாங்கினார்கள். இளைஞர்களின் கைக்கு எட்டியது சின்ன வண்டிதான்.

பார்வைக்கு ஆர்எக்ஸ் சாதுவானது. நான்கு கியர், இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக். ஆனால் 98 சிசி எஞ்சினில் 11 குதிரை சக்தி. எடையோ சுமார் 100 கிலோ. அதே அளவு எஞ்சினில் ஹீரோ ஹோண்டா தந்தது ஏழு சொச்சம்தான். அவசரமாகக் கிளட்சை விட்டால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். (பிரேக்குகள் எஞ்சினுக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதை மட்டும் ரசிகர்கள் ஒப்புக்கொள்வதே இல்லை.)

ரகசியம் டூ-ஸ்ட்ரோக். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிபொருள் எரியும். இதில் ஒவ்வொரு சுற்றிலும் எரியும். வால்வுகளும் கேம்ஷாஃப்டும் இல்லாததால் எடையும் குறைவு. ஆனால் புதிய கலவை சிலிண்டருக்குள் நுழையும்போது புகைபோக்கி வழியும் திறந்தே இருக்கும். ஒரு பங்கு பெட்ரோல் எரியாமலே வெளியேறிவிடும். கூடவே எண்ணெயும் எரிந்து நீலப் புகையாக வரும். வேகத்துக்குக் கொடுத்த விலை அது. அந்த விலையைக் கட்டியதோ பின்னால் வந்தவர்கள்.

நகரங்களின் காற்று கெட்டபோது சட்டம் விழித்துக்கொண்டது. 1996 ஏப்ரல் முதல் இரு சக்கர வண்டிகள் வெளியிடும் ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு இரண்டும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 3.6 கிராமைத் தாண்டக் கூடாது என்றானது. ஆர்எக்ஸ் 100 அந்த ஆண்டோடு நின்றது. 132 சிசி எஞ்சினோடு ஆர்எக்ஸ்ஜி, ஆர்எக்ஸ் 135 வந்தன. பின்னர் ஐந்தாவது கியரும் சேர்ந்து சக்தி 14 ஆனது. 2000-ல் வரம்பு 2 கிராமாக இறங்கியது. சைலன்சருக்குள் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பொருத்தியும் சில ஆண்டுகள்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. ரசிகர்கள் சட்டத்தைத் திட்டினார்கள். சிக்னலில் அந்தப் புகையை விழுங்கியவர்கள் திட்டியிருக்க மாட்டார்கள்.

2008-ல் யமஹா ஆர்15-ஐக் கொண்டுவந்தது. நான்கு வால்வு, தண்ணீர்க் குளிர்விப்பு, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர் என்று பந்தய வண்டிகளின் சரக்கு அத்தனையும் அதில் உண்டு. 149.8 சிசி-யில் 17 குதிரை சக்தி. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 113. ஆர்எக்ஸ் 100-க்கு அது 112! ஒரு காலத்தில் சில துவாரங்களும் ஒரு ரீட் வால்வும் செய்த வேலையைப் புகையில்லாமல் செய்ய இத்தனை சாமான்கள் தேவைப்பட்டன. எடையும் கூடியது. 2021-ல் வந்த நான்காம் பதிப்பு 142 கிலோ.

பழைய ஆர்எக்ஸ் 100-ஐப் பிரித்து, வண்ணம் பூசி, புதிதாக்கி விற்பது இன்று பல நகரங்களில் தனித் தொழில். நல்ல வண்டி லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அந்தப் பெயரை மீண்டும் கொண்டுவர எண்ணம் இருப்பதாக 2022-ல் யமஹா இந்தியாவின் அப்போதைய தலைவர் ஐஷின் சிஹானா சொன்னார். ஆனால் பழைய டூ-ஸ்ட்ரோக் இன்றைய மாசு விதிகளுக்குள் அடங்காது. அந்தப் பெயருக்குப் பொருத்தமான வேறொரு எஞ்சின் வேண்டும்.