‘எதிர்க்கலையே, அப்போ சம்மதம்தானே?’ - சட்டம் சொல்வது என்ன?

பாலியல் வன்கொடுமை வழக்கில் விடுதலைத் தீர்ப்பு வந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். “அப்போ அந்தப் பொண்ணு சொன்னது பொய்தானே?” என்பது ஒன்று. “கோர்ட்டே காப்பாத்திடுச்சு” என்பது இன்னொன்று. இரண்டுமே அவசர முடிவுகள். ஏனென்றால், நீதிமன்றம் கேட்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். சம்மதம் இருந்ததா? இல்லை என்பது நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதா?

காயம் இல்லைன்னா சம்மதமா?

1972-ல் மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் நடந்தது ‘மதுரா வழக்கு’. பழங்குடிப் பெண் ஒருவர் இரண்டு காவலர்கள் மீது புகார் சொன்னார். உயர் நீதிமன்றம் தண்டித்த அவர்களை 1978-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உடலில் காயம் இல்லை, எதிர்த்த அடையாளம் இல்லை என்பது முக்கியக் காரணம். உபேந்திர பக்ஷி உட்பட 4 சட்ட ஆசிரியர்கள் 1979-ல் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுத, போராட்டம் பரவியது. 1983-ல் சட்டம் மாறியது: காவலில் நடந்த வன்கொடுமை வழக்கில், உறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதிக்கவில்லை என்று பெண் சாட்சி சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் கருத வேண்டும்.

இப்போ எது சம்மதம்?

சொல்லாலோ சைகையாலோ தெளிவாக, சுயவிருப்பத்தோடு தெரிவிப்பதுதான் சம்மதம் என்று 2013 திருத்தம் வரையறுத்தது. உடலால் எதிர்க்கவில்லை என்பது மட்டுமே சம்மதம் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவும் இதையே சொல்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கனடா உச்ச நீதிமன்றமும் 1999-ல் இவான்சக் வழக்கில், ‘மறைமுகச் சம்மதம்’ என்ற வாதம் செல்லாது என்றது.

அப்புறம் ஏன் விடுதலை?

குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. ‘யார் சொல்வது உண்மை?’ என்ற போட்டி இல்லை இது. குற்றம் சாட்டப்பட்டவரை நம்பாவிட்டாலும், நியாயமான சந்தேகம் மிஞ்சினால் விடுதலைதான் என்று 1991-லேயே கனடா உச்ச நீதிமன்றம் விளக்கியது. இந்தியாவிலும் அடிப்படை இதுதான். அதேநேரம், நம்பகமாக இருந்தால் பெண்ணின் சாட்சியம் மட்டுமே தண்டனைக்குப் போதும் என்று 1996-ல் குர்மித் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சிக்கல் எங்கே? 2017-ல் இயக்குநர் மஹ்மூத் ஃபரூக்கியை டெல்லி உயர் நீதிமன்றம் சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்தது. மெலிதாகச் சொன்ன ‘வேண்டாம்’ எப்போதும் மறுப்பாகாது என்ற பொருளில் தீர்ப்பு பேசியது விவாதமானது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. ஆதாரத்தில் சந்தேகம் வருவது வேறு. ‘வேண்டாம்’ என்ற சொல்லையே சந்தேகிப்பது வேறு.

தெரிஞ்சுக்கங்க

தொப்பம்பட்டியில் இருக்கும் பெண் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். ‘எங்க எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அவரே மேல்முறையீடு செய்யலாம். பெண்கள் உதவிக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

விடுதலை என்றால் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அர்த்தம். புகார் பொய் என்று அர்த்தமில்லை.