கையோடு நகரும் ஒலி

2016 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில், மணிக்கட்டில் உணர்கருவிப் பட்டை கட்டிக்கொண்டு காற்றில் கை வீசி இசை எழுப்பினார் ஏ.ஆர்.ரஹ்மான். அந்தக் காணொலியைப் பார்த்த சுங்கைப் பட்டாணி வாசகர் ஒருவர், "எழுந்த ஒலியை அரங்கின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கையாலேயே நகர்த்த முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும். 1951இலேயே பாரிசில் செய்து காட்டிவிட்டார்கள். பியேர் ஷாஃபேரின் வானொலி ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் ஜாக் பூலான் அமைத்த கருவி அது. மேடையில் பெரிய கம்பிச்சுருள் வளையங்கள் நான்கு. நடுவே நிற்பவர் கையில் ஒரு சின்னச் சுருள். கை எந்த வளையத்தை நெருங்குகிறதோ, அதில் மின்தூண்டல் கூடும். அதற்குரிய ஒலிபெருக்கி ஓங்கி ஒலிக்கும். ஒலிபெருக்கிகள் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று. கை மேலே போனால் ஒலியும் மேலே போகும். எங்கோ ஒரு மூலையில் திருகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒலிக்கலைஞரை மேடைக்கே அழைத்து வந்து, அவர் கை செய்வதைச் சபை பார்க்கும்படி வைத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிய வியப்பு!

இன்று சுருளும் வேண்டாம். அகச்சிவப்புக் கேமராவே விரல்களின் இருப்பிடத்தைக் கணினிக்குச் சொல்லிவிடும். இடவலம், முன்பின், மேல்கீழ் என்ற மூன்றையும் ஒரே வீச்சில் கை மாற்றும். அதையே மிக்சரில் செய்யப் பல திருகுகள் வேண்டும். ஆனால் திருகு வைத்த இடத்தில் நிற்கும். அந்தரத்தில் நீட்டிய கை சற்று நேரத்தில் சோர்ந்து நடுங்கும். அதனால் விரல்களை மடக்கினால் ஒலியைப் 'பிடிப்பது', விரித்தால் 'விடுவது' என்று வைத்துக்கொள்கிறார்கள்.

ஒலி நகர்வதைக் காதால் அறிவது நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் திருவிழா நாளில் உறுமி மேளம் லயங்களை, அதாவது வரிசை வீடுகளைச் சுற்றி வரும். வீட்டுக்குள் இருந்தபடியே மேளம் எந்த வரிசையைத் தாண்டுகிறது என்று சொல்லிவிடுவோம். ஒலி எங்கிருந்து வருகிறது என்று அறியும் அந்தத் திறன் காதுக்கு இயல்பானது. இன்றைக்கு அலோர் ஸ்டார் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இருபுறமும் பெட்டிகளை அடுக்கி, இரண்டிலும் ஒரே இரைச்சலை விடுகிறோம். நாதஸ்வரக்காரர் இடப்பக்கம் இருக்க, ஓசை வலப்பக்கப் பெட்டியிலிருந்து காதை அறைகிறது. குழந்தைகள் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சவுண்ட் சிஸ்டம் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அடுத்த நிகழ்ச்சியில் ஒலியைக் கூட்டுவதற்கு முன், மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள்.