குப்பைப் பையிலிருந்து தார்ச்சாலைக்கு



2024-ம் ஆண்டு டிசம்பரில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளின் கழிவுகள் நமது நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டிருந்த செய்தியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பின்பு கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அவற்றை அள்ளிச் சென்றன. ஒரு மழை பெய்தால் வாய்க்கால் வழியாகத் தாமிரபரணியில் சேரக்கூடிய குப்பை அது. ஆஸ்பத்திரிக் குப்பை என்றால் பஞ்சும் கட்டுத்துணியும் என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. குளுக்கோஸ் பாட்டில், டிரிப் டியூப், சிரிஞ்சு, கையுறை என்று இன்று எல்லாவற்றிலும் பிளாஸ்டிக்கும் ரப்பருமே. இவையெல்லாம் எங்கே போகின்றன, எங்கே போகவேண்டும்?

2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் சிவப்புப் பையில் சேரும் பிளாஸ்டிக்கை நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம் செய்து, துண்டு துண்டாக்கி, மறுசுழற்சிக்கோ சாலை போடுவதற்கோ அனுப்பலாம் என்கின்றன. சாலைக்கா என்று பலர் ஆச்சரியப்படக்கூடும். ஆகவே அதைச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

இதைச் செய்து காட்டியவர் நமக்கு அடுத்த ஊர்க்காரரே. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே இப்படியொரு சாலையைப் போட்டுப் பார்த்தார். 2006-ல் காப்புரிமை கிடைத்தது. 2018-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. முறை மிகவும் எளியது. ஜல்லியைச் சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுகிறார்கள். அது உடனே இளகி, தோசைக்கல்லில் எண்ணெய் படர்வதுபோல ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய தோலாகப் படிகிறது. அதன் பிறகே தார் ஊற்றிக் கலக்கப்படுகிறது. பிளாஸ்டிக் இங்கே இளகுகிறதேயன்றி எரிவதில்லை. தெருமுனையில் கொளுத்தும்போது கிளம்பும் நச்சுப்புகை இதில் இல்லாததன் காரணம் இதுவே.

தார்ச்சாலைக்கு முதல் சத்துரு தண்ணீர். ஜல்லியின் நுண்துளைகளில் நீர் இறங்கினால் தார் கல்லை விட்டுவிடும், பிறகு குழிதான். பிளாஸ்டிக் பூசிய கல் நீரை உறிஞ்சாது, தாரையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை பிளாஸ்டிக் சேர்க்கலாமென்று இந்திய சாலைக் காங்கிரஸ் 2013-ல் வழிமுறை வெளியிட்டது. ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் செலவாகும். ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட வெள்ளம் சாலைக்கு அடியிலுள்ள மண்ணையே அரித்துவிடும். அதை எந்தப் பிளாஸ்டிக்கும் தடுக்காது. இதை அற்புத மருந்தாக விற்பவர்களை நாங்கள் நம்புவதில்லை.

இந்த முறையின் பெரும் நன்மை வேறு. பழைய இரும்புக் கடைக்காரர் பால் கவரையும் பாட்டிலையும் வாங்குவார். பிஸ்கட் உறையை வாங்கமாட்டார். உள்ளே அலுமினியமும் வெளியே பிளாஸ்டிக்குமாக ஒட்டிய அந்தக் கலப்பு உறையைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. மெல்லியதாயிருந்தால் அதுவும் ஜல்லியின்மேல் இளகிப் படியும். பேராசிரியர் இதே கலவையைக் கல் கழிவுகளோடு சேர்த்துத் தரையில் பதிக்கும் கட்டிகளும் செய்து, அவற்றிற்குப் 'பிளாஸ்டோன்' என்று பெயரிட்டார்.

சேர்க்கவே கூடாதது பி.வி.சி. சூடேறினால் அதிலிருந்து அமில வாயு வெளிப்படும். கன்வென்ஷனுக்கும் அசனப் பண்டிகைக்கும் நாம் கட்டுகிற பிளெக்ஸ் பேனர்கள் பி.வி.சி.யே. ஆஸ்பத்திரியிலும் டிரிப் டியூபும் சிறுநீர்ப் பையும் பெரும்பாலும் பி.வி.சி.; குளுக்கோஸ் பாட்டில் பெரும்பாலும் பாலிதீன், சிரிஞ்சுக் குழல் பாலிபுரொப்பிலீன். ஆகவே சிவப்புப் பையிலுள்ள எல்லாம் சாலைக்கு ஆகாது.

எல்லாம் நோயாளியின் கட்டிலருகேயே தீர்மானமாகிறது. ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டிக்கு, இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு, டியூபும் பாட்டிலும் சிவப்புப் பைக்கு. இரவுப் பணியிலிருக்கும் ஒரு நர்ஸ் அவசரத்தில் ஒரு ஊசியைச் சிவப்புப் பையில் போட்டுவிட்டால், மறுநாள் அதைத் தூக்குகிற தொழிலாளியின் கை குத்துப்படும். மஞ்சட்காமாலைக் கிருமி அவர் வீடுவரை போகலாம். 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், ஆஸ்பத்திரி தன் வளாகத்தில் தனியாக ஒன்று வைத்துக்கொள்ள விதி இடங்கொடுப்பதில்லை. பை எங்கள் வாசலைத் தாண்டிவிட்டால் அதைத் திறந்து திருத்த எங்களுக்கு வழியில்லை.

உங்கள் சபையில் அடுத்த அசனம் நடக்கும்போது, பந்தல் ஓரத்தில் இரண்டு சாக்குகள் கட்டுங்கள்: எச்சில் இலைக்கு ஒன்று, உலர்ந்த பிளாஸ்டிக் உறைகளுக்கு ஒன்று. உறைகள் நனையாதிருந்தால் உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர்கள் நறுக்கும் இயந்திரத்திற்கு அப்படியே கொண்டுபோகலாம். பேனரைத் துணியில் எழுதுவித்தால் அடுத்த வருஷமும் ஆகும். தேதியைமட்டும் மாற்றினால் போதும்.