சினைப் பன்றிக்குப் பச்சைத் தீவனம்

கரிசல் காட்டில் பன்றி வளர்ப்பவர்களுக்கு ஒரு தகவல். 1930-களில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஃபிரெட் ஹேல் என்ற ஆராய்ச்சியாளர், வைட்டமின் ஏ இல்லாத தீவனத்தைப் பன்றிக்குக் கொடுத்துப் பார்த்தார். அது ஈன்ற 11 குட்டிகளுக்கும் கண்விழியே இல்லை! பரம்பரைக் கோளாறு அல்ல, தாய்க்குச் சத்துக் குறைவு.

வெள்ளைச் சோளத்தில் இந்தச் சத்து மிகவும் குறைவு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் விளையும் மஞ்சள் மக்காச்சோளத்தில் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்தால் அதுவும் குறைந்துபோகும். கிணறு இருப்பவர்கள் சினைப் பன்றிக்குக் குதிரைமசால் போடலாம். மானாவாரிக்காரர்களுக்கு முருங்கைக்கீரை இருக்கிறது. கோடையில் பச்சைக்கு எங்கே போவது என்கிறீர்களா? கால்நடை மருத்துவரைக் கேட்டு வைட்டமின் கலவை சேர்த்துக்கொள்ளுங்கள். அளவு கூடினாலும் கெடுதல்தான்.