வண்டி வீட்டின் வளைகூரையும் ஜன்னலும்

செட்டிநாட்டுக் கோட்டையூர்ப் பக்கத்தில், தைப்பூசத்திற்குப் பழனி செல்வோர்க்குத் துணையாகக் கூண்டு வண்டிகளும் சென்ற காலம் உண்டு. மூங்கிற் பிளாச்சுகளை நீரில் ஊறவைத்து, அனலில் வாட்டி, வில்லாக வளைத்துப் பாய் போர்த்துவர். மழைநீர் தேங்காமல் வழிந்தோடுவது அவ்வளைவினாலேயே.

இன்று காரின் பின்னே இழுத்துச் செல்லத்தக்க சிறு வண்டி வீட்டைத் தாமே அமைத்துக்கொள்ள விரும்புவோர், சுவருக்கும் கூரைக்கும் நுரைப் பலகையை உபயோகிக்கின்றனர். எடை குறைவு; வெயிலின் கடுமையும் உள்ளே இறங்காது. ஆயினும் மூங்கிலைப்போல் இதனை அனலில் வாட்டலாகாது. பாலிஸ்டைரீன் நுரை ஏறத்தாழ 100 பாகை வெப்பத்தில் இளகிச் சுருங்கும். தீயும் எளிதிற் பற்றும். வண்டிக்குள் அடுப்பு மூட்டுதல் கூடவே கூடாது.

பின் எவ்வாறு வளைப்பது? வளைவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடக் குறுகியது. நுரை அவ்வாறு குறுக இசையாமல் முறிந்துவிடும். ஆகவே உட்புறத்தில் ரம்பத்தால் இணையிணையாகக் கீறி, அக்கீறல்கள் மூடிக்கொள்ளுமாறு வளைத்தல் வேண்டும். 25 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையைச் செங்கோணமாகத் திருப்பினால், இரு புறத்து நீளங்களுக்கும் வேறுபாடு சுமார் 39 மில்லிமீட்டர். ரம்பம் 2 மில்லிமீட்டர் அகலம் அறுக்குமாயின் 20 கீறல்கள் போதும். வளைவு பெரிதாயினும் கணக்கு மாறாது. கீறல்களின் இடைவெளிதான் விரியும். வெளிப்புறத்தில் 3 மில்லிமீட்டர் கனத்தை அறுக்காது விடுக.

பசையில் ஏமாறுவோர் பலர். பெட்ரோல், அசிட்டோன் போன்றவை கலந்த பசை நுரையைக் கரைத்துவிடும். பாலியூரித்தேன் பசை ஏற்றது. வெளிப்புறத்தில் கண்ணாடி இழைத் துணி ஒட்டுவதாயின் எப்பாக்சி ஆகும். பாலியெஸ்டர் பிசின் ஆகாது. எதையும் முதலில் ஒரு துண்டில் தடவிப் பார்ப்பது நலம்.

ஜன்னலை வளைவில் வைக்காமல் நேரான சுவரில் வைக்க வேண்டும். திறப்பின் மூலைகளை உருட்டி வெட்டுக. கூர்மூலையில்தான் வெடிப்புத் தொடங்கும். நுரையில் திருகாணி நில்லாதாகையால், திறப்பைச் சுற்றி மரச்சட்டம் பதித்து ஒட்டுதல் இன்றியமையாதது. கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு இடுவோர், வெயிலில் அது விரியும் என்பதை மறத்தலாகாது. 60 சென்டிமீட்டர்த் தகடு 30 பாகை வெப்பம் ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். எனவே நாற்புறமும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, திருகாணித் துளைகளையும் சற்றுப் பெரிதாகப் போடுக.

ஜன்னலுக்கு மேலே நம் வீட்டுத் தாழ்வாரம்போல் சிறு இறவாணம் வேண்டும். கீழ்ச்சட்டம் வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். பக்கங்களிலும் மேலும் சிலிக்கோன் பூசுக. கீழே மட்டும், புகுந்த நீர் வெளியேற இரண்டு சிறு துளைகள் விடுக. ஐப்பசி மழைக்குக் காத்திராமல், உட்சுவரை மூடுமுன் குடம் குடமாக நீர் ஊற்றிச் சோதித்துவிடலாம்.