கூப்பிட்டால் மட்டும் போதுமா?

உயரம் கூடாத பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப்போனால், வளர்ச்சி ஹார்மோனைச் சோதிப்பதற்கு முன் தைராய்டு அளவைப் பார்க்கச் சொல்வார். உயரத்துக்காக வந்தவர்களிடம் கழுத்துச் சுரப்பியைப் பற்றி ஏன் கேட்கிறார்? டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

வளர்ச்சி ஹார்மோன் சுரப்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியில். எடை ஏறக்குறைய அரை கிராம்தான். அது தன்னிஷ்டத்துக்குச் சுரப்பதில்லை. மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ், ‘விடு’ என்று ஒரு ஹார்மோனையும் ‘நிறுத்து’ என்று இன்னொன்றையும் அனுப்புகிறது. அதனால்தான் வளர்ச்சி ஹார்மோன் அலை அலையாக வருகிறது. இரவில் ஆழ்ந்து தூங்கத் தொடங்கியதும் பெரிய அலை.

இங்கேதான் நாம் எல்லோரும் சறுக்குகிறோம். ஹார்மோன் என்றாலே ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற ஒரே கணக்கில் நிற்கிறோம். டீக்கடை வாசலில் நின்று “ரெண்டு டீ” என்று எத்தனை முறை கூவினாலும், மாஸ்டர் காதில் விழுந்தால்தானே டீ வரும்? செல்லின் அந்தக் காதுக்குப் பெயர் ஏற்பி. ‘விடு’ ஹார்மோனுக்கு அது செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் ஒரு புரதம். அதன் எண்ணிக்கை நிலையானதும் அல்ல. செல் புதிதாகச் செய்துகொள்ளும், வேண்டாதபோது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிட்யூட்டரியில் ‘விடு’ ஹார்மோனுக்கான ஏற்பிகள் எத்தனை என்பதைத் தீர்மானிப்பதில் மற்ற ஹார்மோன்களுக்கும் கை உண்டு. எலிகளில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இந்த ஏற்பியும் குறைகிறது. திரும்பக் கொடுத்தால் ஏறுகிறது. தைராய்டு குறைந்த பிள்ளைக்கு வளர்ச்சி ஹார்மோன் சோதனை செய்தால் விடை பொய்யாகக் குறைத்துக் காட்டலாம் என்பதால்தான் மருத்துவர் முதலில் அதைச் சரிசெய்யப் பார்க்கிறார். ‘விடு’ ஹார்மோனே ஓயாமல் வந்துகொண்டிருந்தாலும் பிட்யூட்டரி அதற்கு மசிவது குறைந்துபோகும்.

கார்ட்டிசோல் வகை ஹார்மோன்களும் எலிகளில் இந்த ஏற்பியைக் கூட்டுகின்றன. அப்படியானால் அதே வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடும் பிள்ளைகள் ஏன் வளராமல் நிற்கிறார்கள்? மருந்தளவில் போகும்போது அது ‘நிறுத்து’ ஆணையை வலுப்படுத்துகிறது. எலும்பு நுனியிலுள்ள வளர்தட்டையும் நேரடியாக அடக்குகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் கூட்டி, வேறிடத்தில் குறைக்கும். உடலில் இது சர்வசாதாரணம்.

ஏற்பியே கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசிலின் வடகிழக்கில் இத்தபயானின்யா என்ற ஊர் இருக்கிறது. அங்கே சில குடும்பங்களில் இந்த ஏற்பிக்கான மரபணுவில் பிழை. 1999இல் அதை விவரித்தார்கள். பாதிக்கப்பட்டு, சிகிச்சையும் பெறாமல் வளர்ந்தவர்கள் நாலரை அடிக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். கை, கால், உடம்பு எல்லாம் அளவொத்துத்தான் இருக்கும். ஹைப்போதலாமஸ் கூப்பிடாமல் இல்லை. பிட்யூட்டரிக்குத்தான் கேட்பதில்லை. எனவே ‘விடு’ ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் பலனில்லை. வளர்ச்சி ஹார்மோனையே நேராக ஏற்றினால், எலும்பு நுனிகள் மூடாத வயதுள்ள பிள்ளைகள் வளர்கிறார்கள். அதற்கான ஏற்பி வேறு, அது அவர்களிடம் நன்றாகவே இருக்கிறது.